அகலக்காட்சி நிழற்படத்தின் கதை

கண் காண்பதனைக் கமரா காண்பதில்லை. மலைச்சாரலில் நிற்கும் ஒருவன் தலையை இடமிருந்து வலமாகத் திருப்புகின்றான். அவன்முன் விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் அடுக்கடுக்காய்த் தோன்றும் குன்றுகளும் ஒரே காட்சியாக அவன் மனத்திற் பதிந்துவிடுகின்றன. அவன் கையிலுள்ள கமராவோ தலையைத் திருப்ப அறியாது. 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சாதாரண வில்லை பூட்டிய 35 மில்லிமீற்றர்க் கமரா, கிடையாகப் பிடிக்கப்படும்பொழுது, ஏறத்தாழ 40 பாகை அகலத்தை மாத்திரமே காண்கின்றது. அடிவானத்தின் முழுவட்டமோ 360 பாகை. எனவே, சுற்றியுள்ள உலகில் ஒன்பதில் ஒரு பங்கே பிலிமில் விழுகின்றது. பயணத்தின்போது எடுத்த படங்களைக் கழுவி வாங்கிப் பார்ப்பவர், "நேரிற் கண்ட அழகு இதில் இல்லையே" என ஏங்குவதற்குரிய முதற் காரணம் இதுவே.

இக்குறையை மனிதர் எவ்வாறு வென்றனர் என்பது நிழற்படக் கலையின் வரலாற்றில் ஒரு சுவையான பகுதியாகும். அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு, இன்று பிலிம் கமராவொன்றைக் கையிற் பிடித்து ஒரு பரந்த காட்சியைப் பதிவு செய்யும் முறையும் எளிதில் விளங்கும்.

அகலக்காட்சியை விரும்பும் ஆசை நிழற்படத்திலும் மூத்தது. எடின்பரோ நகரில் வாழ்ந்த ஓவியர் றொபேட் பாக்கர் என்பார், பார்வையாளரைச் சுற்றி வட்டமாக அமையும் பெரிய ஓவியமொன்றை வரையும் முறைக்கு 1787 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் 'பனோரமா' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. 'யாவற்றையும் காண்டல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் இதற்கெனவே ஒரு வட்டக் கட்டடம் 1793 இல் திறக்கப்பட்டது. மக்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, நடுமேடையில் நின்று, நாற்புறமும் திரும்பித் திரும்பிப் பார்த்து வியந்தனர்.

1839 ஆம் ஆண்டில் டாகயர் என்னும் பிரெஞ்சுக்காரரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே அகலக்காட்சிக் கமராவும் தோன்றிவிட்டது. ஒஸ்திரிய நாட்டினரான யோசப் புச்பேர்கர் 1843 இல் ஏறத்தாழ 150 பாகை அகலத்தைப் படம்பிடிக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1845 இல் பாரிஸ் நகரில் பிரீட்றிக் வொன் மாட்டென்ஸ் என்பவர் வில்லை சுழலும் கமரா ஒன்றை அமைத்தார். வில்லை மெல்ல மெல்லத் திரும்ப, அதற்குப் பின்னால் வளைத்து வைக்கப்பட்ட உலோகத் தகட்டில் நகரத்தின் காட்சி பகுதி பகுதியாக விழுந்தது. கருத்துச் சிறந்ததே, ஆயினும் வளைந்த தகட்டைப் பளபளப்பாக்கி, மருந்தூட்டி, பதப்படுத்தல் பெரும்பாடாயிருந்தது. பின்னர்க் கண்ணாடித் தகடு வழக்கிற்கு வந்தபோது, அதனை எளிதில் வளைத்தல் இயலாமையால், அம்முறை பரவவில்லை. அகலக்காட்சி வேண்டியோர் வேறொரு வழியை நாடினர். அது, தனித்தனிப் படங்களை எடுத்து ஒன்றோடொன்று பொருத்துதல்.

இவ்வழியிற் செய்யப்பட்ட அரிய முயற்சிகளுள் ஒன்று தமிழர்க்கு மிக அணித்தான இடமாகிய தஞ்சையில் நிகழ்ந்தது. அதனைச் செய்தவர் லினியஸ் ட்றைப் என்னும் படைவீரர். 1822 இல் இங்கிலாந்தில் டெவன்போட்டிற் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கொம்பனியின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தார். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது நிழற்படக் கலையைப் பயின்றார். 1854 இன் இறுதியில் ஹளபேடு, பேலூர் ஆகிய இடங்களிலுள்ள கோயில்களைப் படம்பிடித்தார். 1855 இல் பர்மிய அரசனிடம் அனுப்பப்பட்ட தூதுக்குழுவோடு சென்று, அந்நாட்டின் கோயில்களையும் நகரங்களையும் பதிவு செய்தார். அவற்றின் சிறப்பைக் கண்ட அரசாங்கம், 1856 இல் அவரைச் சென்னை மாகாணத்தின் நிழற்படக்காரராக நியமித்தது. பழைய சின்னங்கள் அழியுமுன் அவற்றின் உண்மையான வடிவத்தைப் பதிவு செய்து வைத்தல் அந்நியமனத்தின் நோக்கமாகும்.

1857 இன் முடிவிற் புறப்பட்டு, மாட்டு வண்டிகளிற் கருவிகளை ஏற்றிக்கொண்டு, ட்றைப் தென்னாட்டினூடே பயணஞ் செய்தார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை ஆகிய இடங்கள் அவர் கமராவின்முன் வந்தன. அவர் கையாண்டது மெழுகு பூசிய காகித நெகற்றிவ். வெப்பம் மிகுந்த நாட்டில் அதற்கு ஒரு பெருநன்மை உண்டு. ஈரத்தோடு பயன்படுத்தவேண்டிய கண்ணாடித் தகட்டைப் படமெடுக்கும் இடத்திலேயே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். காகிதத்தையோ முன்னரே மருந்தூட்டி உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக அது கேட்டது பொறுமை. ஒளிபடு நேரம் செக்கன்களாலன்றி நிமிடங்களால் அளக்கப்பட்டது.

தஞ்சைப் பெருங்கோயில் முதலாம் இராசராசன் கட்டுவித்தது. அவன் ஆட்சியின் 25 ஆம் ஆண்டாகிய 1010 இல் விமானத்தின் உச்சியில் வைத்தற்குரிய செப்புக் குடத்தை அவன் அளித்தான் என்று அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது. அரசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் கொடுத்த பொன்னும் அணியும் நிலமும் எவை, ஒவ்வோர் அணியின் நிறை என்ன, கோயிலுக்கென அமர்த்தப்பட்ட ஆடன்மகளிர் நானூற்றுவரின் பெயர்கள் யாவை என்பனவெல்லாம் அங்குக் கல்லில் எழுதப்பட்டுள்ளன. அவ்வெழுத்துக்கள் விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு செல்கின்றன. எவ்வளவு விலகி நின்றாலும் அவற்றை ஒரே படத்தில் அடக்கமுடியாது. அடக்கினாலும் எழுத்துக்கள் எறும்பிலுஞ் சிறிதாகிவிடும்.

ட்றைப் செய்தது யாதெனில், சுவரை ஒட்டிச் சிறிது சிறிதாக நகர்ந்து, பகுதி பகுதியாகப் படம்பிடித்து, 21 படங்களை ஒன்றாகப் பொருத்தியமையாகும். 1858 இல் எடுக்கப்பட்ட அந்நீண்ட படம் 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. அரசாங்கச் சாசன ஆய்வாளராக 1886 இல் அமர்ந்த ஹுல்ஷ் என்னும் ஜேர்மானிய அறிஞர் தஞ்சைக் கல்வெட்டுக்களை முறையாகப் படித்துப் பதிப்பிக்கத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னராகும். எழுத்தைப் படிக்க அறியாத ஒரு படைவீரன், எழுத்தைப் படிக்கப்போகும் தலைமுறைக்காகக் கல்லை அப்படியே தாளில் ஏற்றி வைத்தான்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அகலக்காட்சிக்கு இரு வழிகள் உள. ஒன்று, நின்ற இடத்தில் நின்று கமராவைத் திருப்புதல். மற்றது, கமராவைத் திருப்பாது, பக்கமாக நகர்த்துதல். மலை, கடல், நகரம் போன்ற ஆழமுள்ள காட்சிகளுக்கு முதலாவதே பொருந்தும். நகர்ந்து எடுத்தால் அருகிலுள்ள மரம் ஒரு படத்தில் தொலைவிலுள்ள குன்றை மறைக்கும். அடுத்த படத்தில் அதனை விட்டு விலகி நிற்கும். இரண்டையும் பொருத்தல் இயலாது. சுவர், மதில், சித்திர வரிசை போன்ற தட்டையான பொருள்களுக்கு இரண்டாவது வழியே தகும். அங்குச் சுவருக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாதிருத்தலும், கமரா சுவரை நேர்முகமாக நோக்குதலும் இன்றியமையாதன. தஞ்சைச் சுவரின் முன் ட்றைப் கடைப்பிடிக்க வேண்டியிருந்த ஒழுங்கு இதுவே.

அவர் எதிர்நோக்கிய வேறொரு தொல்லை வானம். அக்காலத்து மருந்துகள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கின. ஆகவே நிலமும் மரமும் படத்திற் பதியும் வரை காத்திருந்தால், வானம் அளவுக்கு மிஞ்சி வெளிறிவிடும். முகில் ஒன்றும் தோன்றாது. ட்றைப் தம் நெகற்றிவ்களின்மேல் நுண்ணிய தூரிகையால் முகில்களைத் தீட்டிச் சேர்த்தார். தூரிகை செய்த அவ்வேலையைப் பிற்காலத்தில் மஞ்சள் வடிகண்ணாடி செய்யலாயிற்று.

இத்துணைப் பாடுபட்ட மனிதருக்குக் கிடைத்த பரிசு மகிழ்ச்சிக்குரியதன்று. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் அரசாங்கத்தின் பொருள் நிலை நலிந்திருந்தது. 1859 இற் சென்னைத் தேசாதிபதியாக வந்த சேர் சாள்ஸ் திரெவெலியன், நிழற்படத்தை அந்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரமெனக் கருதி, அவ்வேலையை நிறுத்துமாறு பணித்தார். ட்றைப் மீண்டும் படைத்தொழிலுக்குச் சென்றார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902 இல் அவர் காலமானார். நூற்றாண்டுக்கு மேலாக அவர் பெயரை அறிந்தோர் குறைவாகவே இருந்தனர். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயோர்க், இலண்டன் ஆகிய நகரங்களின் பெரிய நூதனசாலைகளில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஆடம்பரமெனத் தள்ளப்பட்ட வேலையின் அருமை பலருக்கும் புலனாயிற்று.

இலங்கையிலும் இத்தகைய வேலை பின்னர் நிகழ்ந்தது. கண்டியில் நிழற்பட நிலையம் நடத்திய யோசப் லோட்டன் என்பார், 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களின் சின்னங்களை அரசாங்கத்திற்காகக் கண்ணாடித் தகடுகளிற் பதிவு செய்தார். காடு மூடிக்கிடந்த கட்டடங்கள் பல, அகழ்ந்து திருத்தப்படுமுன் எவ்வாறிருந்தன என்பதை இன்று அப்படங்களிற் காணலாம்.

நின்ற இடத்தில் நின்று கமராவைத் திருப்பும் முறைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவிலுள்ள சன்பிரான்சிஸ்கோ நகரின் படமாகும். எட்வேட் மைபிறிட்ஜ் என்பவர் 1878 இல் அந்நகரின் உயர்ந்த மேடொன்றில், மார்க் ஹொப்கின்ஸ் என்னும் செல்வர் கட்டிக்கொண்டிருந்த மாளிகையின் உச்சியிற் கமராவை நிறுத்தினார். முழுவட்டத்தையும் 13 பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறையிற் கழுவவேண்டிய காலம் அது. ஆகவே ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையில் நேரஞ் சென்றது; நேரஞ் செல்லச் சூரியனும் நகர்ந்தது. அப்படவரிசையின் நடுவிலுள்ள ஒரு படத்தில் நிழல்கள் ஏனையவற்றோடு ஒத்துவரவில்லை. அஃது ஏனையவற்றிற்குப் பின்னர் எடுத்துச் சேர்க்கப்பட்டது என்பதை அந்நிழல்களே காட்டிக்கொடுக்கின்றன. அகலக்காட்சிக்குப் பகை காலந்தாழ்த்தல் என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே காலப்பகுதியில் அவுஸ்திரேலியாவில், பொன்சுரங்கத்தாற் செல்வம் பெற்ற ஹோல்டர்மன் என்பவரின் ஆதரவில், சாள்ஸ் பெய்லிஸ் என்னும் இளைஞர் சிட்னித் துறைமுகத்தைப் படம்பிடித்தார். ஹோல்டர்மன் வீட்டின் கோபுரத்திலிருந்து 1875 இல் எடுக்கப்பட்ட 23 படங்கள் பொருத்தப்பட்டபோது ஏறத்தாழ 33 அடி நீளமாயின. அவுஸ்திரேலியாவுக்குக் குடியேறுவோரை ஈர்க்கும் பொருட்டு, 1876 இல் பிலடெல்பியாவிலும் 1878 இல் பாரிஸிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் அது வைக்கப்பட்டது.

பிலிம் வந்தபோது கதை மாறியது. ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888 இற் கொடாக் கமராவை விற்பனைக்கு விட்டார். மறு ஆண்டில் வளையக்கூடிய செலுலோயிட் பிலிம் சுருள் வந்தது. உலோகத் தகட்டோடும் கண்ணாடியோடும் போராடிய மாட்டென்ஸின் கருத்துக்கு அப்பொழுதுதான் ஏற்ற உடல் கிடைத்தது. 1898 இல் 'அல்-விஸ்ரா' என்ற கமராவும், 1899 இல் கொடாக்கின் 'பனோரம்' கமராவும் வெளிவந்தன. இரண்டிலும் வில்லை சுழல, பிலிம் வளைந்து நின்றது. 1904 அளவில் 'சேர்க்கற்' என்ற கமரா வந்தது. இதில் கமரா முழுவதும் பற்சக்கரத்தாற் சுழல, உள்ளே ஒடுங்கிய பிளவொன்றின் பின்னாற் பிலிம் எதிர்த்திசையில் ஓடும். பல அடி நீளமுள்ள படம் ஒரே பிலிமில் அமைந்துவிடும். பாடசாலை மாணவர் வரிசையைப் படமெடுக்கும்போது, ஓர் ஓரத்தில் நின்ற குறும்பன், தன் படம் விழுந்தவுடன் பின்புறமாக ஓடி மறு ஓரத்தில் நின்றுகொள்வான். ஒரே படத்தில் அவன் இருமுறை தோன்றுவான்.

1906 ஏப்ரலில் ஏற்பட்ட நிலநடுக்கமும் தீயும் சன்பிரான்சிஸ்கோ நகரை அழித்தன. மைபிறிட்ஜ் ஏறி நின்ற மாளிகையும் அத்தீயில் மாண்டது. சில கிழமைகளின் பின் ஜோர்ஜ் லோறன்ஸ் என்பவர், 49 இறாத்தல் நிறையுள்ள கமராவை, பட்டங்களின் வரிசையொன்றாற் குடாவின்மேல் ஏறத்தாழ 2000 அடி உயரத்திற்கு ஏற்றி, பாழ்பட்ட நகரத்தை ஒரே வளைந்த பிலிமிற் பதிவு செய்தார். 1878 ஆம் ஆண்டுப் படத்தையும் 1906 ஆம் ஆண்டுப் படத்தையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஒரு நகரத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் அங்குலம் அங்குலமாகத் தெரிகின்றன. தனிக் கட்டடத்தின் படம் அக்கட்டடத்தை மாத்திரமே காட்டும். அகலக்காட்சியோ எது எதற்கு அருகில் இருந்தது என்பதையும் சேர்த்துக் காக்கும்.

பழைய கருவியென்று ஒதுக்கப்பட்ட ஒன்றைக்கொண்டு பெருஞ்செயல் செய்தவர் செக் நாட்டுக் கலைஞர் யோசப் சூடெக். முதலாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் வலக்கையை இழந்த இவர், எஞ்சிய ஒரு கையோடு பிராக் நகர வீதிகளிற் கமராவைச் சுமந்து திரிந்தார். 10 சதமமீற்றர் உயரமும் 30 சதமமீற்றர் நீளமுமுள்ள நெகற்றிவ்வைத் தரும் பழைய கொடாக் பனோரம் கமராவே அவர் கருவி. அதனால் எடுத்த 284 படங்கள் 1959 இல் நூலாக வெளிவந்தன. சுழலும் வில்லை நேர்க்கோடுகளை வளைத்துவிடும் என்பது அத்தகைய கமராவின் இயல்பு. சூடெக் அக்குறையோடு பகைக்கவில்லை. ஆற்றின் வளைவையும், பாலத்தையும், புறநகரின் வெறுநிலத்தையும் தேடிச் சென்று, கமராவின் இயல்புக்கு இணங்கிய இடத்தில் அதனை நிறுத்தினார்.

1950 களின் இறுதியில் ஜப்பானில் 'வைட்லக்ஸ்' என்ற 35 மில்லிமீற்றர்க் கமராவும், 1967 இல் இரஷ்யாவில் 'ஹொறிசொன்ற்' என்ற கமராவும் இதே தத்துவத்தில் அமைந்தன. வில்லை சுழலாது, நீண்ட பிலிமை ஒரே முறையில் நிரப்பும் கமராக்களும் பின்னர்த் தோன்றின. 1976 இல் வந்த லின்ஹோவ் 'ரெக்னோறமா' 120 இலக்கச் சுருளில் 17 சதமமீற்றர் நீளப் படங்கள் நான்கைத் தரும். 1998 இல் வந்த ஹசல்பிளாட் 'எக்ஸ்பான்' 35 மில்லிமீற்றர்ப் பிலிமில் 65 மில்லிமீற்றர் நீளப் படங்களை எடுக்கும். 36 படச் சுருளில் 21 படங்கள் கிடைக்கும். இவை விலையுயர்ந்தன. ஆயினும் சாதாரணக் கமராவும் ஒரு முக்காலியும் உடையவர், ட்றைப்பும் மைபிறிட்ஜும் சென்ற வழியில் இன்றும் செல்லலாம். அவ்வழியின் விதிகள் மேற்கூறிய வரலாற்றிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது விதி, மட்டம். முக்காலியை இரசமட்டத்தின் துணையோடு நேராக நிறுத்தல் வேண்டும். முக்காலி சாய்ந்திருப்பின், கமராவைத் திருப்புந்தோறும் அடிவானம் ஏறியோ இறங்கியோ செல்லும். பொருத்தும்போது படிக்கட்டுப்போலத் தோன்றும். கமராவை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்த்தலும் ஆகாது.

இரண்டாவது, சுழற்சி மையம். கமராவின் அடியிலுள்ள திருகாணித் துளையை மையமாகக் கொண்டு திருப்பினால், வில்லை சிறிது இடம்பெயரும். தொலைவிலுள்ள மலைகளை மாத்திரம் எடுக்கும்போது அதனாற் கேடில்லை. அருகில் வேலியோ மரமோ இருப்பின் பிழை தெரியும். வில்லையை முன்னிருந்து நோக்கும்போது அதனுள்ளே ஒளித்துவாரம் தோன்றும் இடமே சரியான மையம். அதனைக் காண எளிய சோதனை உண்டு. அருகில் ஒரு கோலும் தொலைவில் ஒரு கோலும் ஒரே நேராகத் தோன்றுமாறு நாட்டி, கமராவைத் திருப்பிப் பார்க்கவேண்டும். கோல்கள் விலகினால், கமராவை முக்காலியின்மேற் சிறிது பின்னோக்கி நகர்த்தி மீண்டும் சோதிக்கவேண்டும். கோல்கள் விலகாத இடம் கிடைத்ததும் அதனைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிதல். ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் மூன்றில் ஒரு பங்கையேனும் மீண்டும் காட்டுதல் நன்று. 50 மில்லிமீற்றர் வில்லையோடு கமராவைக் கிடையாகப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 27 பாகை திருப்பினால், அரைவட்டத்திற்கு ஏழு படங்கள் போதும். முழுவட்டத்திற்குப் பதினான்கு வேண்டும். வரிசை தொடங்குமுன் விரலை வில்லைக்கு முன் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்தால், பிலிமைக் கழுவிய பின் வரிசையின் தொடக்கத்தை எளிதில் அறியலாம்.

நான்காவது, ஒளியளவு. சூரியன் இருக்கும் பக்கம் ஒளி மிகும், எதிர்ப்பக்கம் குறையும். ஒவ்வொரு படத்திற்கும் ஒளியை அளந்து மாற்றினால், பொருத்திய வானம் பட்டை பட்டையாகத் தோன்றும். காட்சியின் நடுத்தரமான பகுதியை அளந்து, அதே துவாரத்தையும் அதே வேகத்தையும் இறுதி வரை மாற்றாது வைத்திருத்தலே முறை. தானாக ஒளியளக்கும் கமராவாயின் அவ்வமைப்பை நிறுத்திவிடல் வேண்டும். ஒளிமானி இல்லாதோர் பழைய விதியைக் கைக்கொள்ளலாம். நல்ல வெய்யிலில், 100 வேகமுள்ள பிலிமுக்கு, துவாரம் 16, நேரம் செக்கனில் 125 இல் ஒரு பங்கு. நெகற்றிவ் பிலிமாயின் சிறிது மிகையான ஒளி தீங்கு செய்யாது. நிழலிலுள்ள விவரம் பதியுமாறு எடுப்பதே பாதுகாப்பு. நேரடி வண்ணப் படத்தைத் தரும் சிலைட் பிலிமாயின், மிகையொளி மீட்கமுடியாத வெறுமையை உண்டாக்கும்.

ஐந்தாவது, கூர்மை. துவாரத்தை 16 இல் வைத்து, 50 மில்லிமீற்றர் வில்லையை ஏறத்தாழ 17 அடியிற் குவித்தால், எட்டரை அடியிலிருந்து அடிவானம் வரை யாவும் தெளிவாய் விழும். ஒருமுறை குவித்த பின் வரிசை முடியுமட்டும் அதனைத் தொடலாகாது.

ஆறாவது, வானம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் முகிலைக் காக்க மஞ்சள் வடிகண்ணாடி உதவும்; அதற்கு ஒளியை இருமடங்காக்கவேண்டும். செம்மஞ்சள் நிறத்திற்கு நான்கு மடங்கும், சிவப்புக்கு ஏறத்தாழ எட்டு மடங்கும் வேண்டும். ஒளியை முனைவாக்கும் கண்ணாடியை அகலக்காட்சிக்குப் பயன்படுத்தல் தகாது. சூரியனுக்குக் குறுக்கான திசையில் மாத்திரம் அது வானத்தைக் கருமையாக்கும் ஆதலின், பரந்த படத்தின் ஒரு பகுதி இருண்டு மறுபகுதி வெளிறித் தோன்றும்.

இவையெல்லாம் சரிவரச் செய்தாலும், எங்கு நிற்பது என்ற வினா எஞ்சும். ஹோட்டன் சமவெளியில் 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு முற்பகல் முதிர்ந்த பின் செல்வோர் பெரும்பாலும் மூடுபனியையே காண்பர். விடியலிற் சென்றவர்க்கே பள்ளத்தாக்குத் திறந்து கிடக்கும். வடபகுதியின் தட்டையான நிலத்திலோ உயர்ந்த மேடு கிடையாது. ஆயினும் கடல்நீரேரியின் விளிம்பில் நீண்டு செல்லும் பனைமர வரிசை, உயரமின்றி அகலமே உடைய காட்சி ஆதலின், அகலக்காட்சிக்கென்றே அமைந்தது போன்றது. அத்தகைய இடத்தில் அருகில் ஒரு தோணியோ வேலிக் கதியாலோ படத்தின் ஓரத்தில் அமையுமாயின், கண் அங்குத் தொடங்கித் தொலைவுக்குச் செல்லும். ஒன்றுமின்றி வெறும் அடிவானம் மாத்திரம் நீண்டு கிடப்பின், படம் எவ்வளவு நீளமாயினும் பார்ப்பவர் மனம் விரைவிற் சலித்துவிடும்.

படங்களைப் பொருத்தும் வேலையிலும் பழைய அறிவு உதவும். ஒரே பெட்டியிலுள்ள தாளில், ஒரே அளவு ஒளியும் ஒரே அளவு நேரமும் கொடுத்து அச்சிடல் வேண்டும். வெட்டும் கோட்டை வெறும் வானத்தினூடே நடத்தாது, மரத்தண்டு, தூண், சுவரின் விளிம்பு போன்றவற்றோடு ஒட்டிச் செலுத்தினால் பொருத்து மறையும். இன்று நெகற்றிவ்வைக் கணினியில் ஏற்றிப் பொருத்துவோரும் பலர். கணினி பொருத்துமேயன்றி, சாய்ந்த முக்காலியையும் நகர்ந்துபோன நிழலையும் முற்றாகத் திருத்தித்தராது.

இன்று கையடக்கத் தொலைபேசியை மெல்லத் திருப்பியவுடன் அகலக்காட்சி ஆயத்தமாகிவிடுகின்றது. காட்சியைக் குறுகிய கீற்றுக்களாக அடுத்தடுத்துப் பதிந்து ஒன்றாக்கும் அத்தத்துவம் 1904 ஆம் ஆண்டுச் சேர்க்கற் கமராவின் பிளவிலே வேலை செய்த அதே தத்துவமாகும். ஆயினும் பிலிமில் எடுப்பவர் ஏழு படங்களுக்குரிய பிலிமைச் செலவிடுமுன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். எங்குத் தொடங்குவது, எங்கு முடிப்பது, எப்பொழுது வெய்யில் சாயும் என்று எண்ணுவார். அவ்வாறு எண்ணிப் பார்த்தலே பரந்த காட்சியை உண்மையாகக் காண்டல் எனலாம்.

தஞ்சைக் கோயிற் சுவரின் முன் ஒவ்வொரு நெகற்றிவ்வுக்கும் நிமிடக்கணக்காகக் காத்து நின்ற லினியஸ் ட்றைப் அவ்வாறு கண்டவர். அவ்வேலையை ஆடம்பரம் என்றது அக்காலத்து ஆட்சி. அவ்வாட்சி சென்றொழிந்தது. கல்லும் நிற்கின்றது, கல்லைப் பதிந்த தாளும் நிற்கின்றது. தத்தம் ஊரின் குளக்கரையையும் தெருவையும் வயல்வெளியையும் இன்று ஒழுங்காகப் படமெடுத்து, இடமும் நாளும் எழுதி, நெகற்றிவ்வைக் கவனமாகப் பேணி வைப்பவர் எவரும், பெயர் வெளியே தெரியாவிட்டாலும், அவர் தொடங்கிய வேலையைத் தொடர்பவரே ஆவர்.